கோர்வைக்கு ரெண்டு பேர் வேணும்

போன வருடத்துக்கு முந்தின வருடம், மே மாதம். காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முனையில் இருக்கிற சின்னக் கல்யாண மண்டபத்தில் நடந்த விஷயம் இது. மண்டபம் என்றதும் கல்யாணம், கச்சேரி என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூட லீவு நேரத்தில் அந்த மண்டபத்து மாடி ஹாலில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கோடை வாசிப்பு முகாம் ஒன்று நடத்தினார்கள். அங்கேதான் என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மைக் முன்னால் உட்கார்ந்தேன். உட்கார்ந்து என்ன கிழித்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் பட்டு நெசவு செய்கிறவன். வீட்டிலேயே தறி. நான், என் மனைவி, ஒரே மகள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி எனக்கு. பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை, ரேஷன் கடையில் வரிசைக்குச் சண்டை என்று எங்கேயும் என் குரல்தான் முதலில் கேட்கும். கடவுளுக்கு என்ன வேடிக்கையோ, அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த பெண்ணுக்கு வாய் திக்கும்.

பேச ஆரம்பித்த நாளிலிருந்தே அப்படித்தான். எங்களோடு பேசும்போது அவ்வளவாகத் தெரியாது. வெளியாள் யாராவது எதிரே வந்து நின்றால் போச்சு. அதிலும் ‘க’ என்கிற எழுத்து இருக்கிறதே, அது அவளுக்கு ஜென்ம விரோதி. கடைக்கு அனுப்பினால் கடுகும் கற்பூரமும் வாங்கவே மாட்டாள், விரலை நீட்டிக் காட்டுவாள். இதில் கொடுமை என்னவென்றால் அவள் பெயரே ‘க’வில்தான் ஆரம்பிக்கிறது. வைத்தவன் நான்தான். ஆசை ஆசையாக வைத்தேன். பின்னால் இப்படி ஆகும் என்று எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?

நாக்கில் வசம்பு தடவச் சொன்னார்கள், தடவினோம். கோயிலுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள், எங்கள் ஊரில் கோயிலுக்கா பஞ்சம், ஒன்று விடாமல் வேண்டிக்கொண்டோம். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு அம்மா நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு வாரமும் தறியை நிறுத்திவிட்டு ரயில் ஏற வேண்டியிருந்தது. கொஞ்ச நாள் போனோம். அப்புறம் தீபாவளி ஆர்டர் வந்தது, அது விட்டுப்போனது.

ஐந்தாம் வகுப்புவரை பெரிய பிரச்சினை இல்லை. தெருவிலேயே பள்ளிக்கூடம், எல்லோரும் தெரிந்த பிள்ளைகள். பாடம் வாசிக்கும் முறை இவளிடம் வரும்போது டீச்சர் பாவம் பார்த்து அடுத்த பிள்ளைக்குத் தாண்டிவிடுவார். இவளும் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள். ஆறாம் வகுப்புக்குத்தான் பெரிய பள்ளிக்கூடம் மாற வேண்டும். அங்கே முதல் நாள் ஒவ்வொருத்தராக எழுந்து நின்று பெயரைச் சொல்ல வேண்டும் என்று எதிர்வீட்டுப் பெண் இவளிடம் சொல்லிவிட்டாள். சொன்னவள் சும்மா சொல்லவில்லை, சொல்லாவிட்டால் எல்லோரும் சிரிப்பார்கள் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் என் மகள் தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அப்பா, நான் ஆறாங்கிளாஸ் போமாட்டன். தறிக்கே வந்துடறன்.”

ஒரு திக்கல் இல்லை, ஒரு தடங்கல் இல்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள் போல. ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தறி எனக்குக் கேவலம் இல்லை. அதில்தான் சாப்பிடுகிறோம். அவள் படித்து முடித்து, ஆசைப்பட்டு வந்து உட்கார்ந்தால் நானே கையைப் பிடித்து உட்கார வைப்பேன். ஆனால் சொந்தப் பெயரைச் சொல்லப் பயந்துகொண்டு என் பிள்ளை வந்து ஒளிந்துகொள்கிற இடமாக என் தறி இருக்கக்கூடாது. அதை நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கெஞ்சினேன், மிரட்டினேன், சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றேன். அசைந்து கொடுக்கவில்லை. பிடிவாதத்தில் மட்டும் என்னை அப்படியே உரித்துவைத்திருக்கிறாள்.

அந்த நேரத்தில்தான் பால் பூத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸை என் மனைவி பார்த்துவிட்டு வந்தாள். கோடை வாசிப்பு முகாம், பிள்ளைகளுக்கு, முற்றிலும் இலவசம்.

“ஃப்ரீன்னா நம்பாத. கடைசி நாள்ல பெரிய புக்கு ஒண்ண தலையில கட்டுவானுங்க” என்றேன் நான்.

“நீங்க சும்மா கெடங்க. அங்க ஃபேன் இருக்குதாம், மோர் குடுக்கறாங்களாம். வீட்ல வெந்துக்கினு கெடக்கறதுக்கு அங்க போயி குந்திக்கினு வரட்டும்” என்றாள் அவள்.

அதற்குமேல் பேச்சு ஏது? மறுநாள் நானே கூட்டிக்கொண்டுபோய் விட்டேன்.

மாடி ஹாலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பில் புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் வேண்டியதை எடுத்துக்கொண்டு கோரைப்பாயில் படுத்தும் புரண்டும் படித்துக்கொண்டிருந்தன. பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. கல்லூரியில் படிக்கிற இந்த ஊர்ப் பெண் ஒருத்தி லீவுக்கு வந்த இடத்தில் தன் சிநேகிதிகளைச் சேர்த்துக்கொண்டு நடத்துகிறாள். பிள்ளைகளுக்கெல்லாம் அவள் ‘அக்கா’. வந்ததும் அவள் என் மகளிடம் பெயரைக் கேட்கவில்லை. “உனக்கு இன்னா கதை புடிக்கும்? சிரிக்கிற கதையா, பயப்படற கதையா?” என்று இரண்டு புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள். இவள் சிரிக்கிற கதையைத் தொட்டாள். வேலை முடிந்தது. எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப்போனது.

அதன்பிறகு என் மகளைக் காலையில் எழுப்ப வேண்டிய வேலையே இல்லை. வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே தலையைச் சீவிக்கொண்டு வாசலில் நிற்பாள். சாயங்காலம் வந்ததும் அன்றைக்குப் படித்த கதையை அவள் அம்மாவிடம் சொல்வாள். பள்ளிக்கூட மணியின் கயிற்றை ஒரு ஆடு தின்றுவிட்ட கதைதான் அவளுக்கு உயிர். கயிறு இல்லாததால் மணி அடிக்க முடியாது, மணி அடிக்காததால் பள்ளிக்கூடம் திறக்காது, ஊரே அந்த ஆட்டைத் துரத்தும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரிப்பதைப் பார்க்கும்போது, ஜூன் மாதம் பிறப்பதற்குள் மனசு மாறிவிடும் என்று எனக்கும் ஒரு நம்பிக்கை வந்தது.

வந்த நம்பிக்கை ஒரே நாளில் போயிற்று. ஒரு மத்தியானம் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தாள். மோரும் குடிக்கவில்லை, சோறும் தின்னவில்லை. அவள் அம்மா தலையைக் கோதிக் கோதிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. முகாமின் கடைசி நாளில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த கதையிலிருந்து ஒரு பக்கம் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டுமாம். அப்பா அம்மாக்கள் எல்லாம் வருவார்களாம். விருப்பம் இருந்தால் வாசித்தால் போதும் என்றுதான் அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். ஆனால் மற்ற பிள்ளைகள் எல்லாம் கையைத் தூக்கிவிட்டன.

“நீ இன்னா சொன்ன?” என்று கேட்டேன்.

“நான் ஒண்ணும் சொல்லல. அ... அக்காவே வந்து, பயப்படாத, கோர்வையா வாசிச்சா போதும்னாங்க” என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நானும் மனைவியும் தறியில் உட்கார்ந்திருந்தோம். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனியாக நெய்து தைப்பதில்லை, தறியிலேயே ஒன்றோடு ஒன்று கோத்து நெய்கிறோம். அதற்குத்தான் கோர்வை என்று பெயர். அது ஒற்றை ஆள் வேலை இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து நான் நூல் வைத்த நாடாவை ஓட்டினால், அந்தப் பக்கக் கரையின் நாடாவை என் மனைவி ஓட்டி இரண்டு நூலையும் கோத்துக் கொடுப்பாள். இரண்டு பேர் கையும் ஒரே ஓட்டத்தில் போக வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, பார்த்துப் பார்த்தே தெரிந்துகொள்ளும்.

என் மகள் எழுந்து வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அப்பா, அம்மா எழுந்து போய்ட்டா உனுக்கு ஓடாது இல்ல?”

“எப்படி ஓடும்? கோர்வைக்கு ரெண்டு பேர் வேணும்ல” என்றேன் தலை நிமிராமல்.

“அப்ப எனுக்கு யாரு?”

எனக்குப் புரியவில்லை. “எதுக்குடி?”

“வாசிக்கறதுக்கு. அக்கா கோர்வையா வாசிக்கணும்னு சொன்னாங்க இல்ல? மத்த புள்ளைங்கல்லாம் தனித்தனியா படிச்சிப் பாத்துக்கினு இருக்குதுங்க. அதுங்களுக்குத் தெரியல போல. கோர்வைன்னா ரெண்டு பேருதான? ஒரு பக்கம் நான். அந்தப் பக்கம் நீ வாப்பா.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் பெண் சொன்னது நிறுத்தி நிறுத்திப் படிக்காமல் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பதைத்தான். பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சரும் அப்படித்தான் சொல்வார்கள். இவளோ தறியைக் கொண்டுபோய் அதில் மாட்டிவிட்டாள்! தறிக்காரன் வீட்டுப் பிள்ளையைத் தவிர உலகத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இந்தக் குழப்பம் வந்திருக்காது. ‘அது வேற கோர்வை கண்ணு’ என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போதுதான் மகள் முகத்தைக் கவனித்தேன். கண் இரண்டிலும் நீர் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு ராத்திரி முழுக்கப் படுத்து யோசித்து, தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்து வந்திருக்கிறாள் குழந்தை. நான் கெக்கே பிக்கே என்று சிரிக்கிறேன்.

“அவ சொல்றதுல இன்னா தப்பு? கேட்டா குறைஞ்சா பூடுவீங்க? அந்தப் பொண்ணாண்ட போயி ரெண்டு பேரா வாசிக்கலாமான்னு கேளுங்க” என்றாள் மனைவி.

தறியை அப்படியே விட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு மகளோடு கிளம்பினேன். போகிற வழியெல்லாம் என்னவென்று கேட்பது என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். ஆனால் உடனே என் மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். “எங்க வீட்ல தறி கெடையாதுண்ணா, எங்கப்பாவுக்கு ஆபீஸ் வேலை. கோர்வைன்னா ரெண்டு பேரு செய்யறதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. எப்படிப் பண்ணுவீங்க?” என்று கேட்டாள். நான் தோளில் கிடந்த துண்டை விரித்து, இது உடல், இது கரை என்று காட்டினேன். சுற்றி இருந்த பிள்ளைகளில் பாதி தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஆளுக்கொரு பக்கம் ‘அப்படி இல்ல, இப்படி’ என்று கத்த ஆரம்பித்துவிட்டன.

“சரி, அப்ப கோர்வையாவே வாசிச்சிப் பாத்துடலாம்” என்று அந்தப் பெண் ஆட்டுக் கதைப் புத்தகத்தைக் கிளிப்பிலிருந்து எடுத்துத் தரையில் விரித்தாள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் மகள். ஒரே வரியை இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே குரலாகப் படிக்க வேண்டும்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். பேப்பர் படிப்பேன், சத்தமாகப் படித்துப் பழக்கம் இல்லை. கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர் சொல்வதுபோல் கடகடவென்று ஓடினேன். “மெதுவாப்பா!” என்று தொடையில் கிள்ளினாள் மகள். மறுபடி ஆரம்பித்தோம். ஒரு வரி போயிற்று. இரண்டாவது வரி போயிற்று. மூன்றாவது வரியில்தான் எனக்கு உறைத்தது, அவள் திக்கவில்லை. ‘கயிறு’ என்கிற சொல்லைக் கடந்து போய்விட்டாள். ‘கழுத்து’ போனது. ‘கதவு’ போனது. அவ்வளவு பேர் சுற்றி நிற்கிறார்கள், என் மகள் படித்துக்கொண்டே போகிறாள்.

ஆச்சரியத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தேன். அடுத்த சொல்லிலேயே சிக்கிக்கொண்டாள்.

“நிறுத்தாதீங்கண்ணா!” என்று அந்தப் பெண் பதறினாள். நான் அவசரமாகச் சேர்ந்துகொண்டேன். சிக்கு விட்டது. பக்கத்தின் கடைசிவரை போய்விட்டோம். முடித்ததும் என் மகள் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு உள்ளுக்குள் சிரித்தாள். எனக்கு அங்கேயே அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது.

பேச்சுப் பயிற்சி படித்த ஒருவரிடம் அந்தப் பெண் அன்றே போனில் விசாரித்துச் சொன்னாள். கூடவே இன்னொரு குரல் ஒன்றாகப் போகும்போது நிறையப் பேருக்குத் திக்கல் குறையுமாம், இது தெரிந்த விஷயம்தானாம். இதனால் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாமல், பயிற்சியை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னாராம். நான் தலையாட்டினேன். அந்த நிமிஷத்தில் இமயமலைக்கு நடந்து போகச் சொன்னாலும் தலையாட்டியிருப்பேன்.

அப்புறம் வீடே பள்ளிக்கூடம்தான். காலையில் தறியில் உட்காருவதற்கு முன்னால் ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு ஒரு தடவை. வலது பக்கம்தான் அவள் உட்காருவாள், அவள் அம்மா தறியில் உட்காருகிற பக்கம் அது. நான் தப்பாகப் படித்தால் திட்டு விழும். “ஆடு மென்றதுன்னு போட்டு இருக்குது, நீ தின்றதுங்கற. ஒழுங்கா பாத்துப் படிப்பா.” பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “இன்னாபா, மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்தா?” என்று கேலி பண்ணினார். “ஆமாபா, நீயும் பை தூக்கிக்கினு வா” என்றேன். பள்ளிக்கூடப் பேச்சை மட்டும் நாங்கள் எடுக்கவே இல்லை. அவளும் எடுக்கவில்லை. அந்த ஒரு பக்கத்தை ஜனங்கள் முன்னால் வாசித்துவிட்டால் மனசு மாறுவாள் என்று நானும், மாற வேண்டுமே என்று என் மனைவியும் சாமி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசி நாள் வந்தது. சாயங்காலம் ஹாலில் கூட்டமான கூட்டம். வெளுத்த வேட்டி, புதுப் புடவை என்று பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் கல்யாணத்துக்கு வந்த மாதிரியே வந்திருந்தார்கள். பக்கத்து ஐயம்பேட்டையிலிருந்து என் மச்சான் குடும்பத்தோடு ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தான். ஃபேன் சத்தத்தில் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது என்று மைக் வைத்துவிட்டார்கள். அந்த மைக்கைப் பார்த்ததுமே என் நாக்கு ஒட்டிக்கொண்டது. ரேஷன் கடையில் அவ்வளவு கத்துகிறவன், மச்சான் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஒவ்வொரு பிள்ளையாக வந்து வாசித்தது. எங்கள் முறை வந்ததும் அந்தப் பெண் மைக்கில், “இவங்க கோர்வையா வாசிக்கப்போறாங்க” என்றாள். தறிக்காரர்கள் நிறைந்த கூட்டம் இல்லையா, அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் உட்காருவதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கொல்லென்று ஒரு சிரிப்பு எழுந்தது. அது நல்ல சிரிப்பு. என் மகளும் சேர்ந்து சிரித்தாள்.

ஆரம்பித்தோம். முதல் வரி, இரண்டாவது வரி, ஆடு மணிக்கூண்டுக்குப் போனது, கயிற்றை மோந்து பார்த்தது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த மைக் என்னை மோசம் பண்ணியது. ஸ்பீக்கரில் என் மகளின் குரல் தனியாக எனக்குக் கேட்டது. அவள் பிறந்ததிலிருந்து அவள் குரலை நான் அவ்வளவு பெரிதாகக் கேட்டதே இல்லை. ஹால் முழுக்க, சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது என் குழந்தையின் குரல். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு எழுத்தெல்லாம் கலங்கிப்போயிற்று. எந்த வரியில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை. நான் நின்றுவிட்டேன்.

அவள் இன்னும் இரண்டு சொல் போனாள். அடுத்த சொல் ‘கணகணவென்று’. மணி அடிக்கிற சத்தம். அதில் இரண்டு ‘க’.

“க... க... க...”

அவ்வளவுதான், சிக்கிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைக்கிறது. முகம் சிவந்துபோகிறது. அந்த ‘க’ ஸ்பீக்கரில் இன்னும் பெரிதாகக் கேட்கிறது. எங்கேயோ பின்னால் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். என் மனைவி பாதி எழுந்து நிற்கிறாள். பாழாய்ப்போனவனே, படி, படி என்று எனக்குள் அடித்துக்கொள்கிறேன், காற்றுதான் வருகிறது. என்னை நம்பிக் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளையை நட்டநடுவில் விட்டுவிட்டேனே என்று நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. இனி ஜென்மத்துக்கும் பள்ளிக்கூடப் படியை மிதிக்கமாட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அந்தப் பெண் ஓடிவந்து என் இடத்தில் உட்காரப் பார்த்தாள். புத்தகத்தை எட்டிப் பிடித்து, எனக்குப் பதிலாகத் தானே சேர்ந்து வாசிக்கலாம் என்று வாயைத் திறந்தாள்.

என் மகள் அவளைப் பார்த்துக் கையைக் காட்டினாள். இரு, என்பதுபோல. பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் அழுவதை அப்போதுதான் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பயம் இல்லை, அது மட்டும் நிச்சயம். என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள். மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“க... கண... க... கணகணவென்று.”

வெளியே வந்துவிட்டது. வந்ததும் நிற்கவில்லை, அடுத்த சொல்லுக்குப் போனாள். அதில் திக்கியது. மூச்சு வாங்கிக்கொண்டு அதையும் சொன்னாள். அடுத்த வரியில் மூன்று இடத்தில் நின்றாள். நின்று நின்று போனாள். ஒரு சொல்லையும் விடவில்லை, விழுங்கவில்லை, விரலால் காட்டவில்லை. ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும்தான். யாரும் சிரிக்கவில்லை, யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. மடியில் கைக்குழந்தை வைத்திருந்தவர்கள்கூட ஆட்டுவதை நிறுத்திவிட்டு இவள் வாயையே பார்த்தார்கள். மற்ற பிள்ளைகள் வாசித்ததைவிட ரொம்ப நேரம் ஆயிற்று. ஆகட்டுமே. ஆடு பிடிபட்டது, புதுக் கயிறு வந்தது, மணி அடித்தது, பள்ளிக்கூடம் திறந்தது. பக்கம் முடிந்தது.

கைத்தட்டல் கிளம்பியபோது நான் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் குனிந்து என் காதில், மைக் அணைக்காதது தெரியாமல், “இன்னாப்பா, பாதியிலியே எழுந்து பூட்ட?” என்று கேட்டாள். ஹால் முழுக்கக் கேட்டுவிட்டது. ஒரே சிரிப்பு. மானம் போனாலும் பரவாயில்லை என்று நானும் சிரித்தேன், அழுதுகொண்டே.

வீட்டுக்குப் போனோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது தானாகவே கேட்டாள்.

“அப்பா, பெரிய ஸ்கூல்ல யூனிஃபார்ம் இன்னா கலர்?”

என் மனைவி சோற்றுக் குண்டானை அப்படியே கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவசரப்பட்டு எதையாவது சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது என்று பயந்து, “நாளைக்குப் போயி பாத்துக்கினு வரலாம்” என்று மட்டும் சொன்னோம்.

ஜூன் மாதம் அந்தப் பள்ளிக்கூட வாசலில் அவளை விட்டுவிட்டு வந்தேன். அன்றைக்குத் தறியில் நான் நெய்ததைப் பிறகு பிரித்துத்தான் நெய்ய வேண்டியிருந்தது, அவ்வளவு லட்சணம். சாயங்காலம் வந்தவளிடம், “பேரு கேட்டாங்களா?” என்றேன்.

“கேட்டாங்க.”

“சொன்னியா?”

“சொன்னேன்பா. எனுக்கு வாய் திக்கும் மிஸ், கொஞ்சம் இருங்கன்னு சொல்லிட்டு சொன்னேன். இருந்தாங்க.” அவ்வளவுதான். பையை வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

இப்போது ஏழாம் வகுப்பு முடித்துவிட்டாள். திக்கல் போய்விடவில்லை. பயிற்சிக்கு மறுபடி போகிறோம், எந்தப் பண்டிகை ஆர்டர் வந்தாலும் அந்த நாளில் தறி நிற்கும். வகுப்பில் வாசிக்கும் முறை அவளைத் தாண்டிப் போனால் அவளே எழுந்து நின்று, “மிஸ், நான் இன்னும் வாசிக்கலை” என்கிறாளாம். அந்தக் கல்லூரிப் பெண் ஒவ்வொரு மே மாதமும் முகாம் நடத்துகிறாள். கடைசி நாளில் இரண்டு இரண்டு பேராக வாசிக்கப் பிள்ளைகள் போட்டிபோடுகின்றன. கூச்சப்படுகிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார இப்போதெல்லாம் என் மகளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

ஒன்றாக வாசித்தபோது என் மகள் திக்காமல் படித்தாள் என்று ஊரில் எல்லோரும் இன்னும் ஆச்சரியமாகப் பேசுகிறார்கள். எனக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனால் நெய்துகொண்டிருக்கும்போது சில சமயம் கை தானாக நின்றுவிடும், அப்போதெல்லாம் என் காதில் கேட்பது நான் வாயடைத்து உட்கார்ந்த பிறகு அவள் திக்கித் திக்கி, ஒருத்தர் துணையும் இல்லாமல் வாசித்து முடித்த அந்த மீதிப் பக்கம்தான்.